ரசிகர் பட்டை

கோவை கூடைப்பந்து அணி அரையிறுதியில் ஒரு புள்ளியில் தோற்றது. கடைசி வீச்சைத் தவறவிட்டவன் வசுமதியின் மகன் கதிர்வேல். ரசிகர்களின் மணிக்கட்டுப் பட்டைகள் அவர்களுடைய ஏமாற்றத்தையும் கோபத்தையும் அளந்து, அவன் உடம்புக்கு வலியாக அனுப்பின. டிவியில் அவன் ஆடுகளத்திலேயே சுருண்டு கிடந்தான்.

"ஏனுங்க, யாராச்சும் நிறுத்தச் சொல்லுங்க!" என்று கணவரிடம் கதறினாள் வசுமதி.

"கையெழுத்துப் போட்டுத்தானே ஆடப் போனான். யாருகிட்டப் போய்க் கேக்கறது?" என்றார் அவர்.

சற்று நேரத்தில் மகனே அழைத்தான்.

"எல்லாரோடதையும் தாங்கிட்டேம்மா. யாரு அனுப்புனாங்கன்னு பேரோட காட்டுச்சு. உன் பேரும் இருந்துச்சு."

"இல்ல கண்ணு..." என்று ஆரம்பித்தவள் தன் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தாள். பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்த அந்த ஒரு நொடி, அவளுக்கும் அவன்மேல் கோபம் வந்திருந்தது.