முடிக்கத் தெரியாத மாப்பிள்ளை

"மாப்பிள்ளை, மறுபடியும் ஆத்தங்கரைக்கா? கோட்டை அந்தப் பக்கம்!"

கூடத்தில் அப்பா போட்ட சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சாரி மாமா. குதிரை தானா திரும்பிடுச்சு."

"குதிரை திரும்பலை. நீங்க திருப்பினீங்க. பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கேன்?"

டிவியில் ஓடுகிற வீடியோ கேம்தான். ஒரு வீரன், ஒரு குதிரை. காடு மலை எல்லாம் தாண்டிப் போய், கடைசிக் கோட்டையில் அடைபட்டுக் கிடக்கிற ராஜாவை மீட்க வேண்டும். அவள் புருஷன் அதை ஆரம்பித்தபோது பாப்பா தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது பாப்பாவுக்குப் பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்தே விட்டது. ராஜா இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

அப்பா வந்ததும் அந்தச் சமயத்தில்தான். அம்மா போன பிறகு தனியாக இருந்தவர், குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து பார்க்கிற வரைக்கும் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அவள்தான் போய் அழைத்து வந்தாள். கால் தேறியதும் பையைத் தூக்கிவிட்டார்.

"இங்கேயே இருந்துடுங்கப்பா" என்றாள் அவள்.

அவ்வளவுதான், அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "யார் வீட்லயும் நான் பாரமா உட்காரமாட்டேன்" என்று செருப்பை மாட்டினார்.

"மாமா, போறதுக்கு முன்னாடி இதை மட்டும் சொல்லிட்டுப் போங்க. இந்தக் காட்டுல எந்தப் பக்கம் போறது?" என்றார் புருஷன், டிவியைக் காட்டி.

அப்பா நின்றார், பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

"சரி, இந்த ராஜா கதை என்னாகுதுன்னு பார்த்துட்டுக் கிளம்பறேன்."

அன்று உட்கார்ந்தவர்தான். "இவர் எப்ப முடிக்கறது, நான் எப்ப ஊருக்குப் போறது?" என்று தினமும் ஒரு தடவை அலுத்துக்கொள்வார்.

அப்பா கூட இருப்பதில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் கட்டினவர் ஏச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஊரில் எந்த லிஃப்ட் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அத்தனை ஒயரில் கோளாறு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனுஷன், ஒரு பொம்மைக் குதிரையை நேராக ஓட்டத் தெரியாமல் வாங்கிக் கட்டிக்கொள்கிறாரே!

இரண்டு நாள் லீவில் கொழுந்தன் வந்தான். திரும்பிப் போக வேண்டிய அன்று மத்தியானம் டிவி முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, இன்னுமா இதை முடிக்கலை? எங்க ஆபீஸ்ல சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாங்க. கொடு இப்படி."

"வேணாம்டா, நானே மெதுவா..."

"மெதுவாவா? ராஜாவுக்கு மீசை நரைச்சிருக்கும்!"

அப்பா தொண்டையைச் செருமினார். "சரி... சின்னவராவது முடிக்கட்டும்."

கொழுந்தன் கை பட்டதும் குதிரை பறந்தது. ஆறு தாண்டியது, பாலம் தாண்டியது. காவலுக்கு நின்ற பூதம் எல்லாம் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

"அண்ணி, ஒரு டீ போடுங்க. கொதிக்கறதுக்குள்ள ராஜாவை வெளியில கொண்டாந்துடறேன்."

"அப்போ நாளைக் காலை பஸ்ஸுக்கு நான் கிளம்பலாம்" என்றார் அப்பா. யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஊர் வீட்டுக் குளியலறைத் தரை அவள் கண் முன்னால் வந்து நின்றது. இருங்கள் என்று சொன்னால் இன்றைக்கே கிளம்பிவிடுவார். சொல்லாவிட்டால் நாளைக்கு.

கடைசிக் கதவு. வீரன் அதில் கை வைத்தான்.

தடால்!

தண்ணீர் குடிக்க எழுந்த புருஷன், ஒயர் தடுக்கிக் குப்புற விழுந்து கிடந்தார். பிளக் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. டிவி இருண்டுவிட்டது.

"ஐயோ அண்ணா! நான் சேவ் பண்ணவே இல்லையே! மத்தியானம் பூரா ஆடினது போச்சே!"

"கண்ணு எங்க மாப்பிள்ளை இருக்கு? பொடனியிலயா?" என்று அப்பா கத்தினார்.

பாப்பா கைதட்டிச் சிரித்தாள். கொழுந்தனுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசல் தாண்டும் வரைக்கும் புலம்பிக்கொண்டேதான் போனான்.

அடுப்படியில் புருஷன் முழங்காலுக்கு அவள் தைலம் தேய்த்தாள்.

"கொஞ்சம் பார்த்து நடக்கக் கூடாதாங்க? அப்பாகிட்ட இன்னும் எவ்வளவு பேச்சு வாங்குவீங்க?"

"ஏய், லிஃப்ட் மெக்கானிக் எவனாவது ஒயர் தடுக்கி விழுவானா?"

அவள் கை அப்படியே நின்றது.

"அப்போ அந்தக் குதிரை?"

"நான் திருப்பினாத் திரும்பும். நல்ல குதிரை."

"இத்தனை வருஷமாவா?"

"இருங்கன்னு சொன்னா கிளம்பிடுவார். ஆட்டம் முடியலைன்னா இருப்பார். நீ பாட்டுக்கு உளறி வைக்காதே. டீயைக் கொண்டு போய்க் கொடு, ரொம்பக் கோபமா இருக்கார்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீயை எடுத்துப் போனாள். அப்பா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னவர் பஸ் ஏறியாச்சா?"

"இந்நேரம் ஏறியிருப்பார்ப்பா."

"அப்பாடா!"

"என்னப்பா அப்பாடா?"

அப்பா அடுப்படிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கோட்டையை நான் எப்பவோ முடிச்சுட்டேம்மா. வீட்ல யாரும் இல்லாதப்போ நானே தனியா ஒரு ஆட்டம் ஆரம்பிச்சு விளையாடினேன். ராஜா சௌக்கியமா வெளிய வந்துட்டார்."

"அப்பா!"

"உஷ்! மாப்பிள்ளைக்குத் தெரிய வேணாம். அவருக்குச் சுட்டுப்போட்டாலும் முடிக்க வராது. அந்தத் தைரியத்துலதான் நான் இங்க உட்கார்ந்திருக்கேன்."