பால் பொங்குகிற வீடு

"ஏங்க, பால் பொங்குது! காது கேக்கலையா?" அடுப்படிப் பக்கமிருந்து மனைவியின் குரல் வந்தது. அவர் நாற்காலியை விட்டு இம்மியும் அசையவில்லை.

"ஓடுங்க பால்காரரே, அண்ணி கூப்பிடுறாங்க!" ஹெட்போனுக்குள் எட்டுப் பேரும் சிரித்தார்கள். அவர் எழுந்துபோய், அடுப்பு மேடையில் இருந்த பழைய செல்போனைத் தொட்டு மனைவியை நிறுத்தினார்.

ஆமாம், நிறுத்தினார். அந்த மனுஷனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

வாஷிங் மெஷின் கம்பெனிக்கு வீட்டில் இருந்தபடியே புகார் கேட்கிற வேலை அவருக்கு. கூட வேலை பார்க்கிற எட்டுப் பேரும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். கேமரா போட்டால் லைன் திணறும் என்பதால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததே கிடையாது.

அந்த எட்டில் ஒருத்திக்கு, இவர்களை ஒட்டுறவாக வைத்திருப்பதற்கென்றே சம்பளம். அதனால் அவளுக்குப் பெயரே ஒட்டுறவு மேடம். "வீட்டுச் சத்தத்தை மறைக்காதீங்க, என் தங்கங்களே! அதுதான் நம்மளை ஒரே குடும்பமாக்கும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

ஒருவர் வீட்டில் நாய் குரைத்தது, இன்னொருவர் வீட்டில் குக்கர் கூவியது. மேடத்தின் கணவரோ இரண்டு தடவை இருமிவிட்டு, "டீ ரெடிம்மா" என்பார். பால்காரர் வீட்டில் சுவர்க் கடிகாரம்கூடச் சத்தம் போடாத ரகம்.

மானம் போகிறதே என்று, எங்கிருந்தோ ஒரு பெண் குரலைப் பிடித்துச் செல்போனில் ஏற்றினார். இல்லாத மனைவிக்கு முட்டிவலியையும் அவரே கொடுத்தார். மறுநாளிலிருந்து எட்டுப் பேரும் அவருக்குப் பால்காரர் என்று பெயர் வைத்து, "அண்ணிக்கு முட்டி தேவலையா?" என்று மாறி மாறி விசாரித்தார்கள்.

அதற்கு முன்னால் அவரை யாரும் எதுவும் விசாரித்ததில்லை. இரண்டு வருஷமாக அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் காலையில் சந்தோஷமாகக் கண் விழித்தார்.

அதில்தான் மண் விழுந்தது. "வர்ற வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் குடும்ப நாள். எல்லாரும் கேமரா போட்டு வீட்டு ஆளுங்களைக் காட்டணும்" என்றாள் மேடம், வழக்கமான துள்ளல் இல்லாமல். "மேலிடத்து உத்தரவு. முதல்ல நான்தான் காட்டணுமாம்."

அப்போது தெருவில் ஒரு லாரி 'கீ... கீ...' என்று பின்னால் நகர்ந்தது. அதே 'கீ... கீ...' கொஞ்சம் பிந்தி ஹெட்போனுக்குள்ளும் கேட்டது. ஹெட்போன் போயிடுச்சு, வேற வாங்கணும் என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் அக்காவுக்குத்தான் போன் போட்டார். "அஞ்சே நிமிஷம் என் பக்கத்துல உக்காந்தா போதும்க்கா. பொண்டாட்டி மாதிரி."

"செருப்பு பிஞ்சிடும்! பொண்ணு பாக்குறேன் பாக்குறேன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே, அப்ப எங்கடா போச்சு புத்தி?" அக்கா போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு, வேறு வழி தெரியாமல் மாடிப்படி ஏறினார். மாடி வீட்டுப் பெண்ணைப் படிக்கட்டில் பார்த்தால் தலையாட்டுவார், அவளும் ஆட்டுவாள். அதற்கு மேல் பழக்கமில்லை.

கதவைத் திறந்தவள் உதட்டில் விரலை வைத்தாள். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. பாவம், அவளும் ஏதோ வேலையில் இருக்கிறாள் என்று அவரும் குரலை இறக்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு அஞ்சு நிமிஷம் நீங்க எனக்குப் பொண்டாட்டியா இருக்கணும்."

கதவு பாதி மூடிவிட்டது.

"ஐயய்யோ, கேமராவுக்கு மட்டுங்க! ஆபீஸ்ல குடும்பத்தைக் காட்டச் சொல்றாங்க, எனக்குக் காட்ட யாருமே இல்லைங்க. உண்மை தெரிஞ்சா அவங்க எட்டுப் பேரும் என்னை ஒதுக்கிடுவாங்க. அப்புறம் என்னைப் பால்காரரேன்னு யாருங்க கூப்பிடுவா?"

பாதி மூடிய கதவு மெல்லத் திறந்தது. அவள் ஹெட்போன் மைக்கை அணைத்துவிட்டு, முதல் தடவையாக வாய்விட்டுப் பேசினாள். "அப்போ இத்தனை நாளா பால் பொங்குதுன்னு கத்தினது யாரு?"

பால்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பால் பொங்கிய கதையை அவர் இங்கே சொல்லவே இல்லையே! அதுவும் அந்தக் குரல், தினமும் 'என் தங்கங்களே' என்கிற குரல்.

"மே... மேடம்! நீங்களா? ஐயோ, சார் வேற உள்ள இருப்பாரே! நான் கேட்டது அவர் காதுல விழுந்திருந்தா..."

உள்ளே யாரோ இரண்டு தடவை இருமினார்கள். "டீ ரெடிம்மா."

பால்காரர் எட்டிப் பார்த்தார். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரே ஒரு நாற்காலி. டீயையும் காணோம், ஆளையும் காணோம். மேஜை ஓரத்தில் ஒரு பழைய செல்போன் மட்டும் மறுபடி இருமியது.

மேடம் பாய்ந்துபோய் அதன் வாயை அடைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், மணி நாலாக ஐந்து நிமிஷம். பிறகு பால்காரரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முதல்ல நான்தான் காட்டணும். உங்களுக்கு இருமத் தெரியுமா?"