தோணிக் கயிறு

“புஸ்பம் அக்கா, தோணி கட்டுற கயிறு ஒண்டு தாங்க. மொத்தமா, அறாததா இருக்கோணும்.”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற துசாந்தினியின் உதட்டிலிருந்து இரத்தம் வடிந்து சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. அரைவாசி செதில் சுரண்டிய மீனைக் கையில் பிடித்தபடி புஸ்பம் வேலியடிக்கு வந்தாள்.

“என்னத்துக்குகா இப்ப கயிறு?”

“கேளாதீங்க அக்கா. கெதியாத் தாங்க.”

சற்று முன் நடந்த கொடுமையை இந்த வேலி இடுக்கால்தான் புஸ்பம் பார்த்தாள். துசாந்தினியின் புருசன் கேதீசன் அவளைத் தலைமயிரில் பிடித்து முற்றமெல்லாம் இழுத்தான். மாமரத்தில் முகத்தை மோதினான், விழுந்தவளை இடுப்பில் உதைத்தான். அக்கம்பக்கத்தில் இரண்டு யன்னல்கள் திறந்தன, திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டன.

இத்தனைக்கும் அவள் செய்த குற்றம், காலையில் பள்ளிக்கூடம் போன மகள் ஆர்த்திகாவுக்கு ஒளித்து ஒரு பிஸ்கட் கொடுத்தது.

கட்டாரிலிருந்து திரும்பிய நாள் முதல் கேதீசனுக்கு உடம்பு வளர்க்கும் பைத்தியம். இரவு சாப்பிட்டால் மறுநாள் மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர்தான். அந்த வெறும் வயிற்றோடு மாமரத்தடியில் மூச்சுத் திணறத் திணற இரும்பு தூக்குவான். பட்டினி கிடந்து பாரம் தூக்கினால் கொழுப்புக் கரையுமென்று எவனோ ஒருவன் தொலைபேசியில் சொல்லியிருக்கிறான். வயிற்றில் இருந்தது கரைந்ததோ என்னவோ, வாயிலும் கையிலும் இருந்தது கூடிக்கொண்டே போனது.

அவனுக்குப் பசிக்கும் நேரம் அந்த வீட்டில் வேறு யாரும் வாயசைக்கக் கூடாது. அவன் தின்னும்போதுதான் மற்றவர்களும் தின்னலாம். அவித்த முட்டைகளில் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளை ஒதுக்கி வைப்பான், அதுதான் துசாந்தினிக்குக் கறி. தூக்கி முடித்த இரும்பைப் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டுப் போவான். உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும் என்று, அவ்வளவையும் அவள்தான் வீட்டுக்குள் சுமக்க வேண்டும், விடிந்ததும் திரும்ப மரத்தடிக்குச் சுமக்க வேண்டும். பெண்பிள்ளையிடம் மாடு மாதிரி வேலை வாங்குகிறானே என்று புஸ்பத்துக்கு நெஞ்சு கொதிக்கும்.

இன்றைக்குத் தாங்க முடியாமல் கத்தியே விட்டாள். “தம்பி, விடுங்க! செத்திருவாள்!”

“உங்கட வேலையைப் பாருங்க!” என்று கேதீசன் மரத்தடியில் கிடந்த இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டான். “மகளும் வரட்டும். பிஸ்கட் பிடிச்ச கையை இதாலயே முறிக்கிறன்!”

மனைவியை வீட்டுக்குள் இழுத்துப்போய்க் கதவை அடித்துச் சாத்தினான். உள்ளே சட்டிகள் உருண்டன. துசாந்தினி அலறினாள். பிறகு நிலம் அதிர ஒரு சத்தம், கூட்டுக்குள் கோழிகள் துள்ளி விழுந்தன. அதன் பிறகு அந்த வீட்டில் ஓர் அரவமும் கேட்கவில்லை.

அடித்த களைப்பில் பாவி சாப்பிட உட்கார்ந்துவிட்டான் என்று புஸ்பம் நினைத்தாள். அவள் உயிரோடு இருக்கிறாளோ என்று பதறிய நேரத்தில்தான் துசாந்தினி வேலியடிக்கு வந்து கயிறு கேட்கிறாள்.

“கயிறு இல்ல புள்ள,” என்று புஸ்பம் பொய் சொன்னாள்.

அவளுக்குப் பக்கத்தில், வேலிக் கட்டையில், புத்தம்புது நைலோன் கயிறு சுருட்டி மாட்டிக் கிடந்தது. துசாந்தினியின் கண் அங்கே போனதும் புஸ்பம் மீனை எறிந்துவிட்டுப் பாய்ந்து கயிற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“பொலிசுக்குச் சொல்லுவம்கா. நீ வா, என்ர வீட்ட இரு.”

“சொல்லிட்டன் அக்கா. அவங்க வரச் சுணங்குமாம். அதுமட்டும் பொறுக்க ஏலா.”

“உனக்கென்ன விசரா? ஆர்த்திகாவ நினைச்சுப் பாத்தியா?”

“அவள நினைச்சுத்தான் அக்கா. அவள் பள்ளி விட்டு வரக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கோணும்.”

புஸ்பத்துக்கு அழுகை வெடித்தது. “நீ போயிட்டா மறுகா அந்தக் குஞ்சைத்தானே அவன் அடிப்பான்! ஆர் தடுக்கிற? என்ர உசிர் கிடக்கிறமட்டும் இந்தக் கயித்த உனக்குத் தரமாட்டன்!”

துசாந்தினி வேலிக்கு மேலால் கையை நீட்டிப் புஸ்பத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள். தன் புருசனோடு தோணியேறி வாவியில் வலை இழுத்துக் காய்த்துப்போன கை புஸ்பத்தினது. புஸ்பம் முறுக்கினாள், உதறினாள், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். இரும்பு சுமந்து பழகிய அந்தப் பிடி அசையவே இல்லை. துசாந்தினி மற்றக் கையால் கயிற்றைச் சுலபமாக உருவி எடுத்தாள்.

“ஐயோ, வேணாம் புள்ள! உன்னக் கும்பிட்டன்!” புஸ்பம் வேலியைப் பிய்த்துக்கொண்டு பின்னால் ஓடினாள். கதவடியில் அவளை எட்டிப் பிடித்துத் தோளோடு கட்டிக்கொண்டாள்.

வீட்டுக்குள் யாரோ மெல்ல முனகும் சத்தம் கேட்டது. வாசலுக்கு நேரே நிலத்தில் இரண்டு பெரிய கால்கள் நீட்டிக் கிடந்தன. அதில் ஒன்று அசைந்தது.

துசாந்தினி கயிற்றின் நுனியை அவிழ்த்தாள்.

“இது எனக்கில்ல அக்கா. விடுங்க, அவரக் கட்டோணும், மயக்கம் தெளியுது!”