வடம் அறுந்தால்

"வண்டி சேத்துல மாட்டினா இழுக்கிற வின்ச்சுல கெடக்கிற அந்த இரும்பு வடத்தை மாத்தப் போறியா, இல்லையா?" ஆறு மாதமாக நோலீன் இதே பல்லவிதான்.

"இருபது வருஷமா அறுந்ததில்லியே தாயே!" என்று தலையிலடித்துக்கொண்டான் அவள் கணவன் வார்விக்.

"அறுந்தா சவுக்கு மாதிரி பறந்து வந்து அடிக்குமே!"

தன் உயிர்மேல் இவளுக்கு இத்தனை அக்கறையா என்று உருகியவன், கடைசியில், அறுந்தாலும் சவுக்காய் அடிக்காத செயற்கை இழைக் கயிறு மாட்டினான்.

மறுநாளே, டார்வின் நகருக்குப் போகும் வழியில் வண்டி சேற்றில் இறங்கியது. கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு, வழக்கம்போலப் பின்சீட்டுக் கம்பளியை எடுத்தான்.

நோலீன் வெடுக்கென்று பிடுங்கினாள். "வடம் பறக்கக்கூடாதுன்னு மேல போர்த்திப் போர்த்தி அஞ்சு கம்பளியைச் சேறாக்கிட்ட. இதையாவது காப்பாத்தலாம்னுதானே கயிறு மாட்டச் சொன்னேன்!"

"அப்ப என் தலை?"

"அது உன் பாடு. கம்பளி துவைக்கிறது என் பாடு!"