அமைதிச் சின்னத்தடியில் ஒரு கத்தல்

இதைச் சரியாகச் சொல்ல வருமா என்று பயமாக இருக்கிறது. எங்கேயாவது பிசகினால் ஒருவருக்கு வேலை போய்விடும்.

மாலியின் தலைநகர் பமாக்கோவிலுள்ள அமைதிச் சின்னத்தைச் சுற்றித்தான் நாங்கள் வியாபாரம் செய்கிறோம். நான் வந்து பத்து நாள். இஞ்சிச் சாறு விற்கிறேன்.

அங்கே காவலாளி ஜாரா. தூரத்தில் வரும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"ஏ பயறுதின்னி! இன்னுமா உக்காந்திருக்க? உன் வயித்துச் சத்தத்துல சின்னமே விரிசல் விட்டுடும்!"

கடலைக்காரி நியேலே த்ராவொரே சும்மா இருப்பாளா?

"போடா! நீ தின்ன பயறுக்குத்தான் சட்டைப் பொத்தான் தெறிச்சு விழுது!"

ஜாரா குலத்தாரும் த்ராவொரே குலத்தாரும் கேலி முறை; 'பயறுதின்னி' என்பதுதான் வழக்கமான வசவு. எவ்வளவு திட்டினாலும் சிரிக்கத்தான் வேண்டும். அது எனக்கும் தெரியும். ஆனால் அவர் கத்தியதும் எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துச் சந்துக்கு ஓடுவார்கள். அண்டாவோடு நானும். அரை மணி வியாபாரம் போச்சு. விளையாட்டு என்ற பேரில் விரட்டுகிறாரே என்று எனக்கு வயிறு எரியும்.

நேற்று எல்லோரும் ஓடினார்கள். நான் நகரவில்லை.

"தம்பி, அமைதிக்குன்னு கட்டின இடத்துல இப்படியா கத்துவாங்க?"

"அம்மா, முதல்ல சந்துக்குப் போங்க."

"போகமாட்டேன்! உனக்கு விளையாட்டு, எனக்குப் பிழைப்பு!"

"அம்மா, கெஞ்சிக் கேக்கறேன்..."

"கெஞ்சாதே, வாயை மூடு!"

மூத்தவள் அதட்டினால் இங்கே எதிர்த்துப் பேச மாட்டார்கள். ஜாரா திரும்பிச் சாலையைப் பார்த்தார்.

சாலையோரக் கடைகளை அள்ளிப்போகும் நகராட்சிப் பறிமுதல் லாரி வந்து நின்றது. என் அண்டா ஏறியது.

லாரியில் வந்த அதிகாரி சுற்றிலும் பார்த்தார். "எப்ப வந்தாலும் இடம் காலி. இன்னிக்கு ஒரே ஒரு அண்டா. நாங்க வர்றதை யாருய்யா முன்கூட்டியே சொல்றது?"

"எனக்கென்னங்க தெரியும்?" என்றார் ஜாரா. "நான் பாட்டுக்கு என் பயறுதின்னியைத் திட்டிக்கிட்டிருந்தேன். அதுக்கும் தடை போட்டுட்டாங்களா?"

அதிகாரி சிரித்துவிட்டார். இந்த ஊரில் அதற்குத் தடை போட யாரால் முடியும்?

லாரி போனது. ஜாரா எதற்காகக் கத்துகிறார் என்று அப்போதுதான் உறைத்தது; அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

இன்று காலை கடன் வாங்கிய வாளியோடு போய் அவர்முன் நின்றேன்.

"தம்பி, எங்கம்மா த்ராவொரே வீட்டுப் பொண்ணு. இனிமே என்னையும் நல்லாச் சத்தமாத் திட்டணும்."

உண்மையில் என் அம்மா சிசே வீட்டுப் பெண். அல்லா மன்னிக்கட்டும்.