கொடி ஏறிய முதுகு

"கூடப் பிறந்தவ முதுகுதான் கிடைச்சுதாடி உனக்கு, ஊருக்கே காட்ட?"

கண்காட்சிக் கூடத்தில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா யாரையும் கவனிக்கவில்லை. கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராக அந்தச் சிலைக்கு முன்னால் போய் நின்றாள்.

சிலை செய்த பெரிய மகள் ஓடி வந்தாள். அவளுடைய முதல் கண்காட்சி அது.

சிலைக்குத் தலை இல்லை, கை இல்லை. ஒரு பெண்ணின் முதுகு மட்டும். முதுகெலும்பு ஓடும் பள்ளத்தில் ஒரு கொடி, நிஜமான பச்சைக் கொடி, இடுப்பிலிருந்து கழுத்து வரை ஏறியிருந்தது. பாதி வழியில் முதுகு ஒரு பக்கமாக வளைந்தது. கொடியும் கூடவே வளைந்து போனது.

"அம்மா, மெதுவா பேசு."

"என்ன மெதுவா? பக்கத்து வீட்டுக்காரி போனை நீட்டி, 'உங்க பெரியவ செஞ்சதாமே, யாரு முதுகு இது?'ங்கறா. போட்டது போட்டபடி ஓடி வந்தேன்."

சின்னவளுக்குப் பன்னிரண்டு வயதில் முதுகு வளைய ஆரம்பித்தது. ஆபத்து எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அது போதவில்லை. அன்றிலிருந்து சின்னவளுக்கு எப்போதும் ஒரு சுற்றுப் பெரிய சட்டைதான். முடியைக் கட்டக் கூடாது. விரித்துப் போட்டால்தான் மறைக்கும். குடும்பமாகப் போட்டோ எடுத்தால் அவளுக்குச் சுவரோரம்.

இப்போது வயது இருபத்தாறு. அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை. அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று அம்மா நாளைக் கடத்திக்கொண்டே வந்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல சம்பந்தியம்மா இங்க வர்றாங்க. நீதானே வாங்க வாங்கன்னு கூப்பிட்டே? இதைப் பார்த்துட்டுக் கேட்டா நான் என்னடி சொல்லுவேன்?"

பெரியவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா வாசல் மேஜையின் விரிப்பை உருவினாள். பார்வையாளர் நோட்டும் பேனாவும் தரையில் விழுந்தன. விரிப்பைச் சிலைமேல் போர்த்திவிட்டு, முன்னால் காவலுக்கு நின்றுகொண்டாள்.

டீ வாங்கப் போயிருந்த சின்னவள் அப்போதுதான் உள்ளே வந்தாள். ஒரு பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. டீயைக் கீழே வைத்துவிட்டு, வந்து விரிப்பை இழுத்தாள்.

"அம்மா, இது என் முதுகு இல்லை."

"யாருக்குடி காது குத்தறே?"

"நல்லாப் பாரு. இது இடது பக்கம் வளையுது. எனக்கு வலது பக்கம்."

அம்மா விழித்தாள்.

"பதினாலு வருஷமா மறைச்சே. ஒரு தடவையாவது பார்த்தியாம்மா?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அம்மாவுக்குச் சுருக்கென்றது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நம்ம வீட்டு முதுகு இல்லை. அப்பாடா!

சின்னவள் நீட்டிய டீ பாதி உள்ளே போனதும் மறுபடி சிலையைப் பார்த்தாள். இந்தத் தடவை பயமில்லாமல் பார்த்தாள்.

"கொடி எப்படிடி விழாம நிக்குது?"

"நேரா இருக்கற இடத்துல நூல் கட்டியிருக்கேன்" என்றாள் பெரியவள். "வளைஞ்ச இடத்துல மட்டும் அதுவாவே பிடிச்சுக்கிச்சு."

"அழகாத்தான் இருக்கு, சும்மா சொல்லக் கூடாது." அம்மா எழுந்து கிட்டே போனாள். "யாரு பெத்த மகளோ! அவகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. வெட்கப்பட இதுல ஒண்ணுமே இல்லைன்னு."

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதை நீயே சொல்லிக்கோம்மா" என்றாள் பெரியவள். "ரெண்டு வருஷம் முன்னாடி வழுக்கி விழுந்தியே, அப்ப பெல்ட் செய்யறதுக்காக உன் முதுகுல மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுத்தாங்க. தூக்கிப் போடச் சொன்னே. நான் போடலை."

அம்மாவின் கை தானாகப் பின்னால் போனது.

"என்னுதா?"

"இந்த வளைவு சின்ன வயசுலேருந்தே இருந்திருக்கும்னு டாக்டர் அப்பவே சொன்னார். உன்கிட்ட சொல்லத்தான் எனக்குத் தைரியம் வரலை."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"கேட்டா விட்டிருப்பியா?"

அம்மா சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இந்த முதுகோடுதான் ரெண்டு பிள்ளைகளைச் சுமந்தாள், குடம் குடமாகத் தண்ணீர் தூக்கினாள். ஒன்றும் குறைந்து போகவில்லையே!

வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தாள். பழக்க தோஷத்தில் சின்னவள் சுவரோரம் நகர்ந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

வந்தவள் சிலையைப் பார்த்து அசந்து நின்றாள். "யாரோட முதுகு இது?"

"என்னுதுதான்" என்றாள் அம்மா. "சின்னவளுக்கும் இப்படித்தான். அவளுக்கு வலது பக்கம். முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

மாப்பிள்ளையின் அம்மா சிரித்துவிட்டாள்.

"அவளுக்கு இருக்கறது தெரியும் சம்பந்தி. முதல் நாளே அவளே சொல்லிட்டா. உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் நாங்க வாயைத் திறக்கலை. உங்களுக்கும் இருக்குங்கறதுதான் தெரியாது."

"எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றாள் அம்மா.