பாதிக்குப் பாதி

"என் வம்சத்துல பழுதே கிடையாது!" என்று அப்பா குத்திய குத்தில், மேசை மேலிருந்த பேனா ஒருமுறை எழுந்து நின்று பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

வெளியே ஸ்டேஷன் இரைச்சல் தாங்கவில்லை என்று கண் டாக்டர் காலையிலேயே ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார். இப்போது உள்ளே இருக்கும் இரைச்சல் வெளியே போகட்டும் என்று திறந்துவிடலாமா என யோசித்தார்.

மகனுக்கு மின்சாரக் கம்பி இணைக்கும் வேலை கிடைத்திருந்தது. கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் ஒரு கையெழுத்துப் போட்டால் நாளைக்கே சேர்ந்துவிடலாம். டாக்டரோ, வண்ணப் புள்ளிகளுக்குள் நம்பர் ஒளிந்திருக்கும் அட்டையைக் காட்டிப் பார்த்து, பையனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரிகிறது என்று சொல்லிப் பேனாவை மூடிவிட்டார். அம்மா போனில் சொன்னதும், அப்பா செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்.

"கம்பி மாறினா உயிர் போயிடும் சார்," என்றார் டாக்டர்.

"பழைய டாக்டர் இருந்தவரைக்கும் இந்த வம்பே கிடையாது. எனக்கெல்லாம் அட்டையாவது கிட்டையாவது! தோளைத் தட்டுவார், 'கண்ணு ரெண்டும் இருக்கில்ல?'ம்பார், கையெழுத்துப் போடுவார். நீங்க வந்து ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள ஊரையே குருடாக்கறீங்க!"

டாக்டர் பதில் சொல்வதற்குள் அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். பெரிய கோபங்களுக்கு அவர் வழக்கமாகத் திரும்பும் திசை அது.

"எல்லாம் இவ பொறந்த வீட்டுச் சொத்து. கேளுங்க டாக்டர். இவளுக்குத் தம்பிங்க நாலு பேர். அதுல ரெண்டு பேருக்குத் தக்காளி காயா பழமான்னு கடிச்சுப் பாத்தாத்தான் தெரியும். பழுது ரெண்டு, நல்லது ரெண்டு. சுருக்கினா ஒண்ணுக்கு ஒண்ணு. விகிதம் சரியா?"

"சரிதான்," என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். "இந்தக் குறை ஆம்பளப் பிள்ளைக்கு அம்மா வழியாத்தான் வரும். அம்மா கண்ணு நல்லா இருக்கும், குறை உள்ள ஒளிஞ்சிருக்கும். பையங்களுக்குப் பாதிக்குப் பாதி."

"பாதிக்குப் பாதியா? எனக்கு இருக்கறது ஒரே பையன். அப்ப ஒரு கண்ணை ஃபெயில் பண்ணிக்குங்க, இன்னொரு கண்ணுக்குக் கையெழுத்துப் போடுங்க!"

"விகிதம் பிள்ளைங்களுக்கு சார், கண்ணுக்கு இல்ல. ஒவ்வொரு பையனுக்கும் பூவா தலையா போட்டுப் பாக்கற மாதிரி."

"கேட்டியாடி? படிச்சவர் சொல்றார், உன் வழியாத்தான் வருமாம்! கல்யாணத்தன்னிக்கே உன் தம்பிங்களை வரிசையா நிக்க வெச்சு இந்த அட்டையைக் காட்டியிருக்கணும்!"

அம்மா எழுந்தாள். கத்தவில்லை. நாற்காலியை மட்டும் பின்னால் தள்ளினாள். அது சுவர் வரைக்கும் போய்த்தான் நின்றது.

"டாக்டர், எங்க பொண்ணுக்கும் இது இருக்கு. போன வாரம் ஒரு கால்ல சிவப்பு சாக்ஸ், ஒரு கால்ல பச்சை சாக்ஸ் போட்டுட்டு காலேஜ் போயிட்டு வந்திருக்கா. கேட்டா, ஜோடி சரியாத்தானே இருக்குன்னு என்கிட்டயே சாதிக்கறா. அதுவும் என் ஒருத்தி கணக்குலதானா?"

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொண்ணுக்குமா? அப்ப விகிதமே வேற ஆயிடுதும்மா. பொண்ணுக்கு வரணும்னா அம்மா கொடுக்கறது மட்டும் பத்தாது, அப்பாவும் கொடுத்தாகணும். அப்பாகிட்ட இருந்தா அது ஒளிஞ்சுக்காது. அவர் கண்ணுலயே தெரிஞ்சுடும்."

"என் கண்ணுலயா?" அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "கொண்டாங்கய்யா அந்த அட்டையை! நான் படிச்சுட்டா பையனுக்குக் கையெழுத்துப் போடணும். சம்மதமா?"

"சம்மதம்."

"அப்பா, வேணாம்ப்பா," என்றான் மகன்.

"நீ சும்மா இருடா!"

புள்ளி புள்ளியாக இருந்த அட்டையை அப்பா தூரத்தில் பிடித்தார், மூக்குக்கு நேரே பிடித்தார், தலைகீழாகவும் பிடித்தார். அவர் முகம் சிவந்தது. மகனைத் தவிர மற்ற எல்லோருக்கும் அது தெரிந்தது.

"இதுல எங்கய்யா நம்பர் இருக்கு? வெறும் புள்ளி! ஓஹோ, ஒண்ணுமே இல்லாத அட்டையைக் காட்டித்தான் என் பிள்ளையை ஃபெயில் பண்ணீங்களா? மோசடி!"

"ஆறு," என்றாள் அம்மா எட்டிப் பார்த்து.

"பொய்!"

"ஆறுதாங்க. நல்லா கொழுகொழுன்னு நடுவுல உக்காந்திருக்கு. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து என் தம்பிங்களைக் கரிச்சுக் கொட்டினீங்களே, எங்க, அந்த வம்சத்து வசனத்தை இப்ப இன்னொரு வாட்டி சொல்லுங்க!"

டாக்டர் அட்டையை மெதுவாக வாங்கி வைத்துக்கொண்டார். அப்பாவுக்குத் தோற்றுப் பழக்கமில்லை. அதனால் குரலை இன்னும் ஏற்றினார்.

"சரி, தெரியல! அதனால இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? இத்தனை வருஷமா நான் வேலை பாக்கல? யாருக்கு என்ன ஆச்சு?"

டாக்டருக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது. "நீங்க என்ன வேலை பாக்கறீங்க சார்?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் கதவு படாரென்று திறந்தது. கையில் சுருட்டிய கொடியோடு, வியர்க்க விறுவிறுக்க ஒருவர் வந்து நின்று கத்தினார்.

"டிரைவர் சார், சிக்னல் விழுந்து எவ்வளவு நேரமாச்சு, ரயில் முழுக்க ஜனம் கத்துது, வந்து வண்டியை எடுங்க!"